மேற்கே கண்ணாடி வேண்டாம்

நூலகத்துக்குப் பிரதேச சபை கேட்டது ஒரு கண்ணாடி முகப்பு. கல்முனை வீதியால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும், இரவில் லைற் போட்டால் புத்தகங்கள் வெளியே தெரிய வேண்டும், முன்னுக்கு இன்டர்லொக் கல் பதிக்க வேண்டும். மாதிரிக்கு ஏதோ ஒரு ஊரின் வங்கிக் கிளையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். பிளான் கீறும் படவரைஞர் நான், நூலகத்துக்கு வங்கி எப்படி மாதிரியானது என்று கேட்கவில்லை. ஊரில் கடைசியாகக் கட்டிய வடிவான கட்டடம் எது என்று யோசித்தால் யாருக்கும் வங்கிதான் ஞாபகம் வரும்.

காணி களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில். பிரதான வீதி இங்கே ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. காணி வீதிக்குக் கிழக்கே. ஆக, வீதியைப் பார்க்கிற முகம் மேற்கு. வைகாசி, ஆனியில் கச்சான் என்ற மேல்காற்று வீசும் பின்னேரங்களில் மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை. அந்தச் சுவரையே கண்ணாடியாக்கினால் உள்ளே ஏசி போட வேண்டும். ஏசி போட்டால் யன்னல்களைப் பூட்ட வேண்டும். வெயில் கண்ணைக் குத்துகிறதென்று அப்புறம் கண்ணாடிக்கு உள்ளே திரை போடுவார்கள். திரை போட்டால் பகலிலும் லைற். வெளிச்சத்துக்கென்று வைத்த கண்ணாடியை மூடிவிட்டு, அதற்குப் பின்னால் ரியூப் லைற்றில் பேப்பர் வாசிக்கிற கட்டடங்கள் நம் மாவட்டத்தில் நிறையவே இருக்கின்றன.

இதெல்லாம் கரண்ட் இருந்தால். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். அந்த மாதங்களில் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகள் எங்கே இருந்து படித்தார்கள் என்று நூலகரைக் கேட்டேன். என்னைவிட இளையவர், நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். "வெளிப் படியில அக்கா. உள்ளுக்கு இருட்டு, வெக்கை" என்றார். வருடம் முழுக்க வெயில் எரிக்கிற ஊரில், பட்டப்பகலில், நூலகத்துக்குள் இருட்டு! அந்தப் பதிலை வைத்துத்தான் பிளானைத் தொடங்கினேன். கரண்ட் இல்லாத நாளிலும் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் ஐந்தரை வரை உள்ளே இருந்து வாசிக்கக்கூடிய கட்டடம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வாசிக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், மேசையில் 500 லக்ஸ் என்று ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது. புத்தக இறாக்கைகளுக்கு 200 போதும். நம் ஊரில் மழை மூட்டம் போட்ட பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவில் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். மூட்டமான நாளில் வெளியே இருப்பதில் இருபதில் ஒரு பங்கு மேசைக்கு வந்தாலே போதும் என்று கணக்கு. வெளிச்சத்துக்கு இங்கே பஞ்சமில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வெக்கையையும் கண்கூச்சத்தையும் வாசலில் நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவதுதான் வேலை.

அதற்கு முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் முன்னால் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும், நட்ட கம்புக்கு நிழல் இராது. அதற்குப் பிறகு அது நமக்கு வடக்கே போய்விடும். ஜூன் 21 அளவில் உச்சியிலிருந்து 16 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். திரும்பி வந்து செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி உச்சி. அப்புறம் தெற்கே இறங்கி, டிசம்பரில் 31 பாகைச் சாய்வு.

கட்டடக்கலைப் புத்தகங்களில் 'வாசிப்பறைக்கு வடக்கு வெளிச்சம்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார்கள். லண்டனுக்கு அது சரி, அங்கே நண்பகல் வெயில் எந்த மாதமும் வடக்கு யன்னலில் படாது. இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கம்தான். அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து வடக்குச் சுவரில், வெளியே நீளும் கூரை விளிம்பான இறவாரமே இல்லாமல் பெரிய யன்னல் வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். வைகாசியில் போய்ப் பார்த்தால் யன்னல் கம்பியில் பெட்ஷீற் கட்டியிருப்பார்கள்.

ஆனால் இந்த 7.7இல் ஒரு வசதியும் இருக்கிறது. சூரியன் உயரத்தில் நிற்பதால் வடக்கும் தெற்கும் சின்ன இறவாரத்துக்கே அடங்கிவிடும். தெற்கில் 4 அடி இறவாரம், டிசம்பர் நண்பகலில் ஆறரை அடி உயரச் சுவரை நிழலில் வைத்திருக்கும். வடக்கில் அதே 4 அடிக்கு ஜூன் நண்பகலில் 14 அடி நிழல். அடங்காதவை கிழக்கும் மேற்கும்தான். பின்னேரம் நாலு மணிக்குச் சூரியன் தரையிலிருந்து 30 பாகை அளவில்தான் இருக்கும். அந்த நேரத்தில் 8 அடி அகல விறாந்தை போட்டாலும் நிழல் நாலரை அடிதான் கீழே இறங்கும். விறாந்தைக் கூரையின் விளிம்பை 7 அடியில் வைத்து, யன்னலின் கீழ்க்கட்டையை இரண்டரை அடியில் வைத்தால் வெயில் யன்னலுக்குக் கீழே வெறும் சுவரில்தான் விழும். நாலரைக்கு மேல் அதுவும் நிற்காது. அதற்கு ஓலைத் தட்டியைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. கயிற்றை அவிழ்த்தால் இறங்க வேண்டும், இழுத்தால் சுருள வேண்டும், கிழிந்தால் புதிது கட்ட ஊரிலேயே ஆள் இருக்க வேண்டும்.

காணி வீதியிலிருந்து கடல் பக்கம் நீளமாகப் போவதால் கட்டடமும் கிழக்கு மேற்காக நீண்டு படுத்துக்கொள்கிறது. 60 அடி நீளம், 24 அடி அகலம். 24 என்பது காசுக்காக வந்த எண் இல்லை. யன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் பயன்படுகிற வெளிச்சம் உள்ளே போகும். மேல்விளிம்பை 8 அடியில் வைத்தால் 16 அடி. இறவாரம் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இரண்டு நீளப் பக்கத்திலிருந்தும் வருவது நடுவில் சந்திக்க வேண்டுமென்றால் 24 அடிக்கு மேல் போகக் கூடாது. சபையில் 40 அடி கேட்டார்கள், "பெரிசாத் தெரியும்" என்று. பெரிதாகத் தெரியும்தான். நடுவில் ஒரு இருட்டுப் பட்டையும் தெரியும்.

இறாக்கைகளை யன்னலுக்குச் சமாந்தரமாக நிறுத்தினால் முதல் வரிசையே எல்லா வெளிச்சத்தையும் மறித்துவிடும். யன்னலுக்குச் செங்குத்தாக நிறுத்தினால் இடைவழிகளால் வெளிச்சம் உள்ளே ஓடும். புத்தக முதுகு வாசிக்கத் தெரியும், வெயில் அதில் நேரே படாது. மலிவான காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் அதிகம். சூரிய ஒளி பட்டால் அது மஞ்சளித்து, பிறகு முறுகி உடையும். பழைய பாடப் புத்தகங்களும் பத்திரிகைக் கட்டுகளும் அப்படித்தான் போகின்றன. ஆகவே ஆட்கள் யன்னலோரம், புத்தகங்கள் நடுவில்.

வெளிநாட்டு நூலகங்களில் எனக்குப் பிடித்தது வீபூரியில் பின்லாந்துக் கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்ட்டோ கட்டியது. 1935இல் திறந்தபோது அந்த ஊர் பின்லாந்தில் இருந்தது. போருக்குப் பிறகு சோவியத் பக்கம் போனது, இன்று ரஷ்யாவின் வைபோர்க். வாசிப்பு மண்டபத்தின் கூரையில் 57 வட்டத் துளைகள், ஒவ்வொன்றும் கூம்பு போல ஆழமாக. அந்த ஊர் 60 பாகைக்கு மேலே வடக்கில் இருப்பதால், நடுக்கோடையிலும் சூரியன் அங்கே 53 பாகைக்கு மேல் ஏறாது. கூம்பின் ஆழத்தை அந்தக் கோணத்துக்கு ஏற்ப வெட்டியிருக்கிறார். எந்த நாளிலும் நேர்வெயில் வாசிப்பவரின் புத்தகத்தில் விழாது, கூம்பின் வெள்ளை உள்சுவரில் பட்டுச் சிதறித்தான் கீழே வரும். விரிவுரை மண்டபத்துக்கு அலைபோல் வளைந்த மரக்கூரை, பேச்சு பின்வரிசை வரை கேட்பதற்காக. கட்டடம் பல காலம் சிதைந்து கிடந்து, திருத்த வேலை 2013இல் முடிந்தது.

அதன் படங்களைப் பார்க்கிற எவருக்கும் கூரையில் துளை போட ஆசை வரும். அந்தக் கூம்பை அப்படியே தூக்கிக் களுவாஞ்சிகுடியில் வைத்தால் ஏப்ரலில் சூரியன் அதற்குள் நேரே எட்டிப் பார்க்கும். கண்ணாடி ஓடு போட்ட குசினியில் மதியம் சமைத்தவர்களுக்கு இது தெரியும். ஆல்ட்டோவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, சூரியக் கோணத்தை அளந்து அதற்கு ஏற்ப வெட்டிய பழக்கத்தை. துளையை விட்டுவிடலாம். மேற்கு ஆபிரிக்காவில், புர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கேரே நூலகத்துக்குக் கூரை போட்டபோது ஊர்ப் பெண்கள் செய்த மண்பானைகளை வாயும் அடியும் வெட்டிக் கொங்கிரீட்டில் பதித்தார். வெக்கை மேலே போகவும் வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கீழே இறங்கவும் அவையே வழி. அதற்கு மேலே தனியாக ஒரு தகரக் கூரை நிழல் தருகிறது. இங்கேயோ கார்த்திகை, மார்கழி மழை இருக்கிறது. துளை உள்ள கூரையை நம்பி நான் புத்தகம் வைக்க மாட்டேன்.

நமக்கு நெருங்கிய சொந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தோனேசியாவின் செமராங் நகரம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 7 பாகை. நமக்குக் கண்ணாடியில் தெரிகிற ஊர் மாதிரி. அங்கே ஷாவு என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 2020இல் திறந்த ஒரு சின்ன நூலகம் முழுக்க மரம். கால்களில் தூக்கி நிற்கிறது, கீழே நிழலில் பிள்ளைகள் ஆட ஊஞ்சல், மேலே படுத்து வாசிக்க ஒரு வலை. சுற்றிவர மரச் சட்டங்களைச் சாய்சதுரமாகப் பின்னி, அதையே வெயில் மறைப்பாகவும் வைத்திருக்கிறார்கள். ஏசி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் கண்ணாடிக்குப் பதிலாக வீதிப் பக்கம் காட்ட ஏதாவது வேண்டும் என்ற சபையின் ஆசைக்கு எனக்கு விடை கிடைத்தது. மேற்கு விறாந்தையின் மேல்பாதியில் மரச் சட்டக் கிராதி. பகலில் வெயிலை உடைக்கும். இரவில் உள்ளே லைற் எரிந்தால் வீதியிலிருந்து தெரியும். சபைத் தவிசாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது போட்டோவுக்கு வடிவா வரும்" என்றார். போதும், எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

மேற்கு விறாந்தையை ஆட்களே வராத இடமாக விடவும் மனமில்லை. காலையில் அங்கே நல்ல நிழல். பென்சன் எடுத்த ஐயாமார் பத்திரிகை வாசிக்க வருவதும் காலையில்தான், பத்து பத்தரைக்கு முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு மேற்கு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இரண்டு மணிக்குப் பிறகு. அப்போது கிழக்கு விறாந்தையில் நிழலும் கடற்காற்றும் இருக்கும். அவர்களுக்குக் கிழக்கு. மேசையில் இருக்கும்போது இடது தோள் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் எழுதுகிற வலது கையின் நிழல் எழுத்தில் விழாது, பழைய வாத்திமார் வகுப்பில் வாங்கைத் திருப்பிப் போடுவது இதற்காகத்தான். இரண்டு பக்கமும் யன்னல் இருப்பதால் இடது கைக்காரப் பிள்ளைக்கும் எதிர்ப்பக்கத்தில் இடம் இருக்கிறது.

இனி மரம். இதில் எனக்கு ஆசிரியர் என் மாமா, அதாவது மாமனார். அந்தக் காலத்து ஓடாவி. தோணியும் கட்டியிருக்கிறார், வீட்டுக் கூரையும் ஏற்றியிருக்கிறார். பிளானை விரித்துக் காட்டினால் கோட்டைப் பார்க்க மாட்டார், எந்த மரம் என்றுதான் கேட்பார். நான் கூரைக்குக் கீழ் அடிக்கும் மேல்தட்டு முழுக்கத் தேக்குப் பலகை என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "புள்ள, மேல தேக்கடிச்சிப்போட்டு பகல்ல லைற்றா போடப் போறாய்?" என்றார். சரியான கேள்வி. வெள்ளைச் சுண்ணாம்பு தன்மேல் படும் ஒளியில் எண்பது வீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். வார்னிஷ் அடித்த கருந்தேக்கு இருபது வீதம் தந்தாலே அதிகம். யன்னலால் வந்து மேலே பட்டு நடுமேசைக்கு இறங்க வேண்டிய வெளிச்சத்தை மேல்தட்டே விழுங்கிவிடும். சஞ்சிகைகளில் வரும் மரக்கூரை நூலகங்கள் பெரும்பாலும் வெளிர்நிற ஊசியிலை மரம், அல்லது படத்துக்காக எல்லா விளக்கையும் போட்டு எடுத்தவை.

ஆகவே மேல்தட்டு மலைவேம்புப் பலகை, அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு, மரத்தின் ரேகை மட்டும் தெரியும்படி. மலைவேம்பு பாரமில்லாதது, இலங்கையில் மேல்தட்டுக்குப் பழகிய மரம். மழை பெய்யும்போது தகரக் கூரையின் கீழ் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஓடும் அதன் கீழ்ப் பலகையும் அந்தச் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். நல்ல மரத்தைக் கை படுகிற இடங்களுக்கு வைத்திருக்கிறேன்: மேசைப் பலகை, யன்னல் கீழ்க்கட்டை, படிக் கைபிடி. முதிரைக்கு ஆசைப்பட்டேன். வெளிர்மஞ்சளாக, பட்டுப் போல மினுங்கும் மரம். மரக்காலையில் விலை கேட்டுவிட்டு மேசைகளுக்கு வேம்பு என்று மாற்றி எழுதினேன். வாசலில் நூலகர் இருக்கும் ஒரே ஒரு மேசைக்கு மட்டும் முதிரை.

விறாந்தைத் தூண்களுக்குப் பனை. பனையில் உறுதியான வைரம் வெளிப்பக்கம், உள்ளே மெதுவான சோத்தி. மற்ற மரங்களுக்கு நேர்மாறு. அதனால் அதை நடுவில் பிளந்து அறுத்தால் உறுதி போய்விடும், உருளையாக நிறுத்தினால் உழைக்கும். கறுத்த நார் ஓடுகிற முதிர்ந்த மரமாக இருக்க வேண்டும். இளம் பனையை வெட்டித் தருகிறேன் என்று வந்தவரை மாமா படலையோடு அனுப்பிவிட்டார். பனையை நினைத்தபடி வெட்டவும் முடியாது. பெண் பனை, பலா, ஈரப்பலா மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டிலிருந்தே தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்துக்கு நடந்த கதையை எழுதினால் தனிப் பதிவாகிவிடும், விடுங்கள்.

எங்கள் காற்றில் உப்பு. இரும்பு ஆணி மரத்துக்குள்ளேயே பொரிந்து மரத்தையும் பிளக்கும். நாகம் (துத்தநாகம்) பூசியதோ, கறைபடாத உருக்கோ வேண்டும். தூணின் அடி தரையைத் தொடக் கூடாது, கொங்கிரீட் குற்றியில் ஒரு உருக்குக் காலணி வைத்து இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்த வேண்டும். கறையான் ஏறினால் மண்பாதை வெளியே தெரியும், தட்டிவிடலாம். மரம் நனைவதைப் பற்றி நான் கவலைப்பட்டபோது மாமா சொன்னது: "நனையிறதால ஒண்டுமில்ல. காயாமக் கிடக்கிறதுதான் மரத்தத் திங்கிற." அவர் காலத்தில் தென்னையையும் பனையையும் வாவித் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் எடுப்பார்களாம். மரத்திலுள்ள மாச்சத்துக் கரைந்து போனால் பூச்சிக்கு அதில் வேலை குறைவு. நான் போரக்ஸ் கலவையில் ஊறவைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. வாவி சும்மா கிடக்கிறதே என்கிறார்.

அகல இறவாரத்துக்கு ஒரு எதிரி உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பை அடியிலிருந்து காற்றுத் தூக்கும், விளிம்பு பெயர்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முழுக் கூரையும் போகும். அதனால் விறாந்தைக் கூரையை நடுக்கூரையின் நீட்சியாக இழுக்காமல், ஒரு படி கீழே தனிக் கூரையாக வைத்திருக்கிறேன். போனால் விறாந்தை மட்டும் போகட்டும், புத்தகத்தின் மேல் உள்ள கூரை நிற்கட்டும். நடுக்கூரை நாலு பக்கமும் சரிந்தது, 30 பாகைச் சரிவு, கைமரம் ஒவ்வொன்றும் உருக்குப் பட்டியால், சுவர்களின் தலையைச் சுற்றி ஓடும் வளையத்தில் கட்டப்படும். இரண்டு கூரைக்கும் இடையில் கிடைக்கும் ஒன்றரை அடி உயரத்தில் மேல் யன்னல்கள். வெக்கைக் காற்று அதால்தான் வெளியேறும். காலையும் மாலையும் வெயில் விறாந்தை ஓட்டில் பட்டு அதால் கொஞ்சம் எகிறி மேல்தட்டுக்கும் வரும்.

கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "மரத்தால நூலகம் கட்டினா எரிஞ்சிராதா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் 1981இல் எரிந்தது கல்லும் சீமெந்துமான கட்டடம். சுவர்கள் நின்றன, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. நான் அதைச் சொன்னதும் மண்டபம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அதற்குப் பிறகு தடித்த மரம் நெருப்பில் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் கரியாகும், வெறும் இரும்பு உத்தரம் அதற்குள் சூட்டில் வளைந்துவிடும் என்ற விளக்கத்தையெல்லாம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தீயணைக்கும் சிலிண்டர்களும், வெளியே திறக்கும் இரண்டு வாசல்களும் பிளானில் இருக்கின்றன.

வெள்ளத்துக்கு நிலமட்டத்தைத் தூக்கியாயிற்று. 2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்து இறாக்கைகளின் கடைசித் தட்டையும் ஒன்றரை அடிக்கு மேலேதான் தொடங்குகிறேன். இறாக்கைகள் எதுவும் வெளிச்சுவரோடு ஒட்டாது. மாரியில் அந்தச் சுவர் ஈரம் குடிக்கும், காற்றின் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் புத்தகத்தில் இறங்கிவிடும்.

கடைசியாக மணல். இதற்குத்தான் அதிகம் சண்டை பிடித்தேன். எங்கள் கரையோர வீடுகளின் முற்றம் வெள்ளை மணல், விடிய எழும்பிக் கூட்டி வைப்பார்கள். அந்த மணலில் விழும் வெயில் மேலெழும்பி இறவாரத்தின் அடிப்பக்கத்தில் பட்டு, யன்னலால் நுழைந்து மேல்தட்டுக்குப் போய், அங்கிருந்து மேசைக்கு இறங்கும். வெப்பநாட்டில் யன்னலால் உள்ளே வரும் வெளிச்சத்தில் பெரிய பங்கு தரையிலிருந்து எகிறி வருவதுதான். நிழலான யன்னலுக்கு வானம் கொஞ்சம்தானே தெரியும்? கருஞ்சிவப்பு இன்டர்லொக் கல்லைப் பதித்தால் அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். கல்லோ வெயிலைக் குடித்து வைத்திருந்து பின்னேரம் முழுக்க வெக்கையாகக் கக்கும். வெள்ளை மணலைப் பார்த்தபடி இருப்பவருக்குக் கண் கூசும் என்பது உண்மைதான். அதனால் யன்னலின் கீழ்க்கட்டையை உயர்த்தி, சுவரோரம் முழங்கால் உயரத்தில் செவ்வரத்தை வரிசை. இருந்து வாசிப்பவரின் கண்ணுக்குப் பச்சை, மேல்தட்டுக்கு மணல்.

வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் மணல், வீதிப் பக்கம் மட்டும் கல் என்று சபையோடு உடன்பட்டாயிற்று. நூலகரோடு இன்னும் முடியவில்லை. செருப்பில் ஒட்டி உள்ளே வரும் மணல் சிவப்புச் சீமெந்துத் தரையைச் சுரண்டும், தினமும் கூட்டுவது யார் என்று கேட்கிறார். வாசலுக்கு முன்னால் ஆறடிக்குக் கருங்கல் பாவி, தும்புக் கால்மிதி போடலாம் என்றேன். கால்மிதியைத் தட்டிப் போட ஆள் வேண்டுமே, இருக்கிற ஒரேயொரு சிற்றூழியர் தபாலுக்கும் போக வேண்டும், தேத்தண்ணியும் வைக்க வேண்டும் என்கிறார். ஆள் எடுக்கும் அதிகாரம் படவரைஞருக்கு இல்லை. மதிப்பீட்டுத் தாளில் 'தும்புக் கால்மிதி - 2' என்று எழுதி அனுப்பினேன். நேற்று அதைச் சிவப்புப் பேனையால் 4 என்று திருத்தி, பக்கத்தில் 'தும்புத்தடி - 2' என்றும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.